அட்டவணையில் வென்ற போனும் கையில் வென்ற போனும்

கையடக்கத் தொலைபேசி வியாபாரத்தில் இருக்கும் எமது சகோதரர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறது. "புதுக் கம்பனி ஒன்றின் தொடுதிரை போன் வந்திருக்கிறது. சந்தையைப் பிடித்து வைத்திருக்கும் போனை விட கெமராவும் நல்லம், பெற்றரியும் பெரிது, விலையும் குறைவு. இதில் காசைப் போடலாமா?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேட்பவரின் கையில் பெரும்பாலும் இருப்பது ஓர் அட்டவணை மட்டுமே. ஒரு பக்கம் பழைய போன், மறுபக்கம் புதிய போன். எதில் என்ன கூட, எதில் என்ன குறைவு என்ற கணக்கு. அந்த அட்டவணையை நம்பிக் கடை நடத்த முடியாது என்பதே எனது அபிப்பிராயம். இதற்கு எமது கண் முன்னே நடந்த உதாரணம் நொக்கியாவும் ஐபோனும். பேராதனை, கெலிஓயா, கட்டுகஸ்தோட்டை என்று எந்தப் பக்கம் கடை வைத்திருந்தாலும், அந்த மாற்றத்தின் சூடு எல்லோருக்கும் பட்டது.

2007ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த வருட இறுதியில் உலகில் விற்பனையான ஐந்து போன்களில் இரண்டு நொக்கியா. 2003இல் வந்த நொக்கியா 1100 என்ற டோர்ச் போன் மட்டும் 25 கோடி அளவில் விற்றது. எமது மலைநாட்டில் மின்சாரம் போன இரவுகளில் அந்த டோர்ச் எத்தனை வீடுகளுக்கு வெளிச்சம் காட்டியது! போன் என்றால் நொக்கியா, சாஜர் என்றால் நொக்கியா மெல்லிய பின் சாஜர் என்ற காலம் அது.

அந்த வருடம் நொக்கியா N95 என்ற உயர்ரக போனை விற்பனைக்கு விட்டது. 5 மெகாபிக்சல் கெமரா, வீடியோ, 3ஜி, ஜிபிஎஸ், மெமரி கார்ட் போடும் வசதி, கழற்றி மாற்றக்கூடிய பெற்றரி எல்லாம் அதில் இருந்தன. அதே வருடம் ஜூன் 29இல் அமெரிக்காவில் அப்பிள் கம்பனி முதலாவது ஐபோனை விற்பனைக்கு விட்டது. கெமரா 2 மெகாபிக்சல். வீடியோ எடுக்க முடியாது. 3ஜி இல்லை. ஜிபிஎஸ் இல்லை. மெமரி கார்ட் போட இடமில்லை. பெற்றரியைக் கழற்ற முடியாது. படத்தோடு மெசேஜ் அனுப்ப முடியாது. எழுதியதைக் கொப்பி பண்ணவும் முடியாது. அந்த வசதி 2009இல்தான் வந்தது. விலையோ 499 டொலரும் 599 டொலரும். அமெரிக்காவில் ஒரேயொரு தொலைபேசிக் கம்பனியின் சிம்மோடு மட்டும் வேலை செய்யும்படி பூட்டியும் வைத்திருந்தார்கள். இங்கு வந்தவை வெளிநாட்டில் இருந்த உறவினர்களின் பயணப் பெட்டிகளில் வந்து, பூட்டு உடைக்கப்பட்டுப் பாவனைக்கு எடுக்கப்பட்டவை.

"நானா, இதில வீடியோ எடுக்க ஏலாதாம், ப்ளூடூத்தில பாட்டு அனுப்ப ஏலாதாம், இதுக்கா இவ்வளவு சல்லி?" என்று கேட்காத ஆள் இல்லை. அட்டவணைப்படி பார்த்தால் கேட்டவர் பக்கமே நியாயம். அட்டவணையில் N95 பத்துக்கு எட்டு வரிகளில் வென்றது.

அப்படியானால் தோற்றது ஏன்? போன் கைக்கு வந்த பிறகு என்ன நடந்தது என்பதில்தான் விடை இருக்கிறது. N95இல் இணையத்துக்குப் போக வேண்டுமானால் மெனுவுக்குள் மெனு என்று பட்டனை அமர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். திரை 2.6 அங்குலம். ஐபோனில் 3.5 அங்குலத் திரை. விரலை வைத்து இழுத்தால் பக்கம் நகரும், இரண்டு விரலால் விரித்தால் எழுத்துப் பெரிதாகும். சின்னப் பிள்ளையும் யாரும் சொல்லிக் கொடுக்காமல் பாவித்தது. N95இல் வசதி கூட இருந்தது. ஆனால் வாங்கியவர்களில் பலர் அதில் பாதியைத் தொட்டும் பார்க்கவில்லை.

நொக்கியா சும்மா இருக்கவில்லை. 2008 ஒக்டோபரில் 5800 எக்ஸ்பிரஸ்மியூசிக் என்ற தொடுதிரை போனை அறிமுகப்படுத்தியது. வரி நீங்கலாக 279 யூரோ விலை. 3.2 மெகாபிக்சல் கெமரா, வீடியோ, 3ஜி, மெமரி கார்ட், ஐபோனை விடக் கூர்மையான திரை. மறுபடியும் அட்டவணையில் நொக்கியாவே முன்னுக்கு. ஆனால் அந்தத் திரை அழுத்தினால்தான் வேலை செய்யும் வகை. நகத்தாலோ கூடவே வந்த குச்சியாலோ குத்த வேண்டும். பட்டியலில் ஒன்றைத் திறக்க இரண்டு தரம் தட்ட வேண்டும்; வேறு இடத்தில் ஒரு தரம் தட்டினால் போதும். பட்டன் போனுக்காகச் செய்த மென்பொருளின் மேல் தொடுதிரையை ஒட்டியதால் வந்த வினை அது. ஐபோனின் திரையோ விரல் பட்டாலே போதும் என்ற வகை.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 5800 நன்றாக விற்றது. 2009 ஜனவரிக்குள் பத்து இலட்சம் போன்கள் போய்விட்டன. எமது பக்கத்து ஆட்களுக்கு நொக்கியாவை விட முடியாததற்குத் தக்க காரணங்கள் இருந்தன. விலை கைக்கெட்டும். பெற்றரி பழுதானால் எந்தக் கடையிலும் புதிது வாங்கலாம். தெருவுக்கொரு திருத்துபவர் இருந்தார். ஒரு வருடம் பாவித்து விற்றாலும் நல்ல விலை போகும். இவை எந்த அட்டவணையிலும் எழுதப்படாத பலங்கள்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 2010ஆம் ஆண்டிலும் நொக்கியா சுமார் 10 கோடி ஸ்மார்ட்போன்களை விற்றது. அப்பிள் அந்த வருடம் விற்றது அதில் பாதிக்கும் குறைவு. விற்பனைப் புத்தகத்தைப் பார்த்தவர் நொக்கியாவுக்கு ஒன்றும் ஆகாது என்றே சொல்லியிருப்பார். ஆனால் மறு வருடம் 2011 பெப்ரவரியில் நொக்கியா தனது சொந்த மென்பொருளைக் கைவிட்டு மைக்ரோசொப்ட்டோடு சேருவதாக அறிவித்தது. 2012இல் 14 வருடமாகப் பிடித்து வைத்திருந்த முதலிடம் சம்சுங்கிடம் போனது. 2013இல் போன் வியாபாரத்தையே 544 கோடி யூரோவுக்கு மைக்ரோசொப்ட்டிடம் விற்க ஒப்புக்கொண்டது. விற்பனைப் புத்தகம் நேற்றைய செய்தியைத்தான் சொல்லும்; நாளைய செய்தி வாடிக்கையாளரின் விரலில் இருக்கிறது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. நொக்கியாவை எமது சந்தையில் தோற்கடித்தது ஐபோன் அல்ல. ஐபோன் காட்டிக்கொடுத்த வழியில், கூகுளின் அண்ட்ரொய்ட் மென்பொருளோடு வந்த சம்சுங்கும் ஹுவாவியும் மற்றவையும்தான், குறைந்த விலையில், அதை எமது கடைகளுக்குக் கொண்டு வந்தன. அதாவது, புதிதாக வந்தவன் சிந்தனையை மாற்றினான். லாபத்தில் பெரும் பங்கைப் பின்னால் வந்தவர்களோடு பகிர வேண்டியதாயிற்று.

இந்தக் கதையின் ஒரு துண்டு தமிழ்நாட்டிலும் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நொக்கியா ஒரு பெரிய தொழிற்சாலையைத் திறந்தது. ஆயிரக்கணக்கானோர், அதிலும் பெரும்பாலும் இளம் பெண்கள், அங்கே வேலை செய்தார்கள். வரிப் பிரச்சினையும் சேர்ந்துகொள்ள, 2014 நவம்பர் முதலாம் திகதி அது மூடப்பட்டது. 2019இல் அந்தத் தொழிற்சாலையை வாங்குவதாக அறிவித்தது சால்கொம்ப் என்ற கம்பனி. அது அப்பிளுக்கு சாஜர் செய்து கொடுக்கும் கம்பனி! ஒரு காலத்தில் நொக்கியா போன் வெளியே வந்த வாசலைப் போட்டிக் கம்பனியின் சாஜருக்குத் திறந்துவிட ஆள் வந்துவிட்டது.

தொழிற்சாலைக்கே இந்தக் கதி என்றால் ஒரு சின்னக் கடைக்கு என்ன நடக்கும்? பின் திகதியிட்ட காசோலை கொடுத்து மெல்லிய பின் சாஜரும் BL-5C பெற்றரியும் கவரும் பெட்டி பெட்டியாக இறக்கியவர்களுக்குக் காசோலை நாள் வந்தது. சரக்கு மட்டும் அசையவில்லை. இந்தப் பாடம் அதோடு முடியவுமில்லை. 2023இல் ஐபோன் 15 வந்தபோது அப்பிளும் தனது பழைய சாஜர் துளையை விட்டு டைப்-சிக்கு மாறியது. மாற்றத்துக்கு முன் அந்த கேபிளை மொத்தமாக வாங்கியவரின் காசு இன்று எங்கே நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

விலை விழுவதும் அப்படியே. முதலாவது ஐபோன் வந்து 70 நாள் ஆகுமுன்னே அப்பிள் 599 டொலர் போனை 399 டொலருக்கு இறக்கியது. முதலில் வாங்கியவர்கள் சத்தம் போட்டதால் 100 டொலர் பெறுமதியான வவுச்சர் கொடுத்துச் சமாளித்தது. எமது சந்தையில் விலை இறங்கினால் கடைக்காரருக்கு அப்படி யாரும் வவுச்சர் கொடுப்பதில்லை.

ஆகவே புதுப் போன் வந்தால் அட்டவணையை ஒரு பக்கம் வையுங்கள். பின்வரும் விடயங்களைப் பாருங்கள்.

முதலாவது, போனை உங்கள் வீட்டில் வயதான ஒருவர் கையில் கொடுங்கள். அழைப்பு எடுக்க, குரல் பதிவு அனுப்ப, பேரப்பிள்ளையின் படத்தைப் பார்க்க, தமிழில் எழுத, யாரும் சொல்லிக்கொடுக்காமல் முடிகிறதா? பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் ஒருவரிடமும் கொடுங்கள். அவர் ஒரு நாள் முழுக்கப் பாவித்தாலும் பெற்றரி தாங்குகிறதா, சூடாகிறதா என்று கேளுங்கள்.

இரண்டாவது, திரை உடைந்தால் கண்டி நகருக்குள் மாற்றுத் திரை கிடைக்குமா, உத்தரவாதத்துக்கு உள்ளூரில் முகவர் யார்? போனின் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பெற்றதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவது, மென்பொருளை எத்தனை வருடம் புதுப்பித்துத் தருவார்கள்? 2024இல் சம்சுங் தனது S24 வரிசைக்கு ஏழு வருடம் என்று அறிவித்தது. மலிவான போன்களுக்கு அந்தக் காலம் குறைவு. வங்கிச் செயலி வேலை செய்யாத போனோடு வாடிக்கையாளர் வந்து நிற்பது கம்பனியின் வாசலில் அல்ல, உங்கள் வாசலில்.

நான்காவது, விலை விழுந்தால் அல்லது சரக்கு நின்றால் மொத்த வியாபாரி திருப்பி எடுப்பாரா? எடுப்பதாகச் சொன்னால் எழுத்தில் வாங்குங்கள். எடுக்க மாட்டேன் என்றால் ஐந்து போன் எடுங்கள், ஐம்பது எடுக்க வேண்டாம். 2022இல் ரூபாய் விழுந்த வேகத்தைப் பார்த்த எமக்கு, சரக்கைப் பதுக்கினால் லாபம் என்ற எண்ணம் வரக்கூடும். டொலர் ஏறினால் அரிசிக்கு விலை கிடைக்கும். பழைய போனுக்கும் பழைய சாஜருக்கும் அப்படிக் கிடைக்காது.

கடைசியாக, போனின் குறையை வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொல்லி விற்போம். 2007இல் "இதில் வீடியோ எடுக்க முடியாது, ஆனால் இணையம் பார்க்க இதைப் போல ஒன்றில்லை" என்று சொல்லி ஐபோனை விற்றிருந்தால் அது உண்மை. "N95இல் எல்லாம் இருக்கிறது, ஆனால் பெற்றரி பின்னேரம் வரைதான்" என்று சொல்லியிருந்தால் அதுவும் உண்மை. இரண்டையும் சொல்லும் கடைக்காரரிடம், எந்தக் கம்பனி எழுந்தாலும் விழுந்தாலும், அடுத்த போனுக்கும் ஆள் வரும்.

எந்தக் கம்பனி வெல்லும் என்று ஆரூடம் சொல்வது எமது தொழில் அல்ல. பல்லாயிரம் பொறியியலாளர்களை வைத்திருந்த நொக்கியாவுக்கே அது தெரியவில்லை. ஒரே கம்பனியின் பெயரில் எமது முதலைக் கட்டிப்போடாமல் பார்த்துக்கொள்வது மட்டும் எமது கையில் இருக்கிறது. இன்று கொழும்பிலிருந்து கொண்டுவரும் சரக்கில் எத்தனை பங்கு ஒரே பெயரில் இருக்கிறது என்று இந்த வாரம் ஒரு தரம் கணக்கெடுத்துப் பாருங்கள்.