டிசம்பர் லீவு யாருக்கு?

நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவுக்குக் கொடி ஏறும்போதே குமரி மாவட்டத்தில் விருந்தாளி சீசனும் தொடங்கி விடும். டிசம்பர் 3ஆம் தேதி சவேரியார் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை. பிறகு அரைப் பரீட்சை லீவு, கிறிஸ்துமஸ், சுசீந்திரம் மார்கழித் தேர், புத்தாண்டு என்று வரிசையாக வந்து தைப் பொங்கல் முடிந்தால்தான் ஓயும். சென்னை, பெங்களூர், துபாய், மஸ்கட் என்று போன பிள்ளைகள் எல்லாம் ஊர் திரும்பும் காலம். வரட்டும், நல்லதுதான்.

இந்த வருகைக்கு எவ்வளவு திட்டம் போடுகிறார்கள் என்று பாருங்கள். முன்பு 120 நாளுக்கு முன்னால் ரயில் டிக்கெட் எடுக்கலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாள் ஆகி விட்டது. ஆகவே அக்டோபர் கடைசியில் காலை எட்டு மணிக்கு முன்பே செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கன்னியாகுமரி எக்ஸ்பிரசா, வந்தே பாரத்தா, கிடைக்காவிட்டால் ஆம்னி பஸ்ஸா என்று குடும்பமே மாநாடு நடத்தும். ஆனால் வந்து இறங்கும் எட்டு பேருக்குப் பத்து நாள் மூன்று வேளையும் சமைக்க, பாத்திரம் கழுவ, துணி துவைக்க ஆள் வேண்டுமே... அதற்கு யாராவது முன்பதிவு செய்தார்களா? தேவையே இல்லை. அம்மா இருக்கிறாள். என்றைக்குமே கன்பர்ம் ஆன டிக்கெட்!

குளிர்காலம் என்றதும் காஷ்மீரை நினைக்க வேண்டாம். இந்த மாவட்டத்தில் அது வடகிழக்குப் பருவமழையின் வால், விடிகாலைப் பனி, வெயில் ஏறாத முற்றம், அவ்வளவுதான். ஆனால் அடுக்களையில் நிற்பவளுக்கு அதுவே போதும். துவைத்த துணி காயாது. விறகு நமுத்துப் போகும். பொரித்த பலகாரத்தை அன்றைக்கே டின்னில் அடைக்காவிட்டால் அதுவும் நமுத்துப் போகும். எட்டு பேருக்குத் தனித்தனியாக வெந்நீர் வேறு.

பலகாரம் என்று சாதாரணமாகச் சொல்லி விடுகிறோம். ஒரு முந்திரிக்கொத்து எப்படி உண்டாகிறது என்று எத்தனை ஆண்களுக்குத் தெரியும்? சிறுபயறை வறுத்துப் பொடிக்க வேண்டும். தேங்காயைத் துருவி வறுக்க வேண்டும். கருப்பட்டியோ சர்க்கரையோ பாகு காய்ச்ச வேண்டும், அதில் பதம் தப்பினால் உருண்டை பிடிக்க வராது. சூடு ஆறுவதற்குள் உருட்டி, மாவில் முக்கி, எண்ணெயில் போட்டு எடுக்க வேண்டும். அச்சுமுறுக்கு இன்னும் மோசம். அச்சு சரியான சூட்டில் இல்லையென்றால் மாவு ஒட்டாது, ஒட்டினால் விடாது. இரண்டு டின் நிறைய வேண்டுமானால் ஒரு பகல் முழுக்க எண்ணெய்ச் சட்டி முன்னால் குந்தியிருக்க வேண்டும். சாப்பிடுகிறவன் டி.வி. பார்த்துக்கொண்டே இரண்டு நிமிடத்தில் ஆறு அச்சுமுறுக்கு தின்று விட்டு, "போன வருசம் மாதிரி வரல்லையே" என்பான்.

இப்படி வயிறு நிறைந்த பிறகுதான் புத்தாண்டு லட்சியங்களைப் பற்றிய பேச்சு வரும். ஒருவர் ஜனவரி 1 முதல் காலை ஐந்து மணிக்கு எழுந்து நடக்கப் போகிறார். இன்னொருவர் சோற்றைக் குறைத்துச் சப்பாத்தியாம். மூன்றாமவர் யூடியூப் பார்த்து விட்டு முளைகட்டிய பயறுக்கு மாறுகிறார். நகைக்கடையில் கொடுத்த டைரியில் எல்லாம் எழுதப்படுகிறது.

பி.காம். முதல் வருடத்தில் முதலில் கற்றுக் கொடுப்பது இரட்டைப் பதிவு முறை. ஒரு கணக்கில் பற்று எழுதினால் இன்னொரு கணக்கில் வரவு எழுதியே ஆக வேண்டும். இந்த லட்சியங்களையும் அப்படி எழுதிப் பார்க்கலாம். அவர் ஐந்து மணிக்கு நடக்கப் போனால் நாலே முக்காலுக்குக் கட்டஞ்சாயா போடுவது யார்? ஒருவருக்குச் சப்பாத்தி, மற்றவர்களுக்குச் சோறு என்றால் இரண்டு அடுப்பு வேலை யாருக்கு? முளைகட்டிய பயறு தானாக முளைக்குமா, ராத்திரி யாராவது ஊறப் போட வேண்டுமா? லட்சியம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. பிப்ரவரியில் லட்சியம் செத்துப் போகும்போது நிம்மதிப் பெருமூச்சு விடுவதும் அந்த இன்னொருவர்தான்!

மத்திய அரசு 2024ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதே வேலையில் கை வைக்கும் ஆண்கள் 88 நிமிடம். கையே வைக்காத ஆண்கள் இந்தச் சராசரியில் சேரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 289ஐ 365 ஆல் பெருக்கினால் வருடத்துக்குச் சுமார் 1,758 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாக்கினால் 220 நாள். அரசு ஊழியருக்கு இருப்பது போல ஞாயிறு, பண்டிகை, ஈட்டிய விடுப்பு எதுவும் கிடையாது. உண்மையில் பண்டிகை நாளில்தான் வேலை இரட்டிப்பு. தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பர் 15ல் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய் கொடுத்தது. அந்தத் தொகையை இந்த மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூடத் தேறவில்லை. அதைக் கொடுத்ததற்கே "வீட்டில் சும்மா இருக்கிறவளுக்கு எதற்குப் பணம்" என்று டீக்கடையில் கொதித்தவர்கள் உண்டு.

பொருளாதார அறிஞர் பிகு 1920ல் எழுதிய புத்தகத்தில் ஒரு வேடிக்கையைச் சுட்டிக் காட்டினார். ஒருவன் தன் வீட்டு வேலைக்காரியைத் திருமணம் செய்து கொண்டால் நாட்டின் வருமானம் குறைந்து விடும். அவள் அதே வேலையைத்தான் செய்வாள், ஆனால் இனிச் சம்பளம் கிடையாது. இந்த வேடிக்கையை நேரில் பார்க்க டிசம்பரில் கன்னியாகுமரிக்குப் போனால் போதும். அய்யப்ப பக்தர்களும் சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களும் நிறையும் அந்தச் சீசனில், லாட்ஜில் வெந்நீர் கொண்டு வருகிறவனுக்கும் போர்வை துவைப்பவனுக்கும் ஓட்டலில் இட்லி அவிப்பவனுக்கும் குறைவோ கூடுதலோ கூலி உண்டு. அதே பத்து நாளில் பக்கத்து ஊர் வீட்டில் அதே வெந்நீர், அதே போர்வை, அதே இட்லி. அங்கே அதற்குப் பெயர் பாசம்.

"அம்மா விரும்பித்தானே செய்கிறாள்? இன்னும் ரெண்டு நாள் நின்னுட்டுப் போ மக்களே என்று அவள்தானே சொல்கிறாள்?" என்று கேட்பார்கள். சொல்கிறாள்தான். வருடத்தில் பத்து நாள் மட்டுமே பிள்ளை முகம் பார்க்கும் தாய் வேறு என்ன சொல்வாள்? அவள் கேட்பது பிள்ளைகள் கூட இருப்பதை. அவர்கள் கொடுப்பது பாத்திரக் குவியலை. பிள்ளைகள் நடுவீட்டில், அவள் அடுக்களையில். பத்து நாளில் சேர்ந்து உட்கார்ந்து பேசியது எத்தனை மணி நேரம் என்று ஊருக்குத் திரும்பும் ரயிலில் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

மிக்சி, கிரைண்டர், கேஸ் எல்லாம் வந்து விட்டதே என்பது இன்னொரு வாதம். வந்தது, கூடவே நாலு ஐட்டம் பதினொரு ஐட்டம் ஆனது.

வெளியில் பாடுபட்டு வருகிறவனுக்கு ஓய்வு வேண்டாமா என்பது மட்டும் நியாயமான கேள்வி. தூத்தூர் பக்கத்து மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்து விட்டுக் கிறிஸ்துமசுக்குக் கரையேறுகிறவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்த வருடம் அந்தக் கிராமங்களில் கிறிஸ்துமஸ் எப்படிக் கழிந்தது என்று மாவட்டத்துக்கே தெரியும். 2004 டிசம்பர் 26ஐக் குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் மறக்குமா? அந்தக் கடலிலிருந்து உயிரோடு வீடு வந்தவன் நாலு நாள் படுத்துத் தூங்கட்டும், யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனால் முந்திரி ஆலையில் குந்தியிருந்து கை கறுக்கக் கொட்டை உடைக்கும் பெண்ணும் பாடுபட்டுத்தானே வருகிறாள்? ஆலைக்கு லீவு விட்ட அன்றைக்கு அவளுக்கு வீட்டில் இரண்டாவது ஷிப்ட். ஏ.சி. அறையில் வேலை பார்த்து வருகிறவனுக்கு மட்டும் ஓய்வு பிறப்புரிமை ஆகி விடுகிறது!

படிப்பில் இந்த மாவட்டத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக அடிபட்டுப் போராடி, 1859ல் திருவிதாங்கூர் அரசை இறங்கி வர வைத்த மண். மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி நாகர்கோவிலில் பெண்களுக்குப் படிப்போடு லேஸ் பின்னும் தொழிலையும் சொல்லிக் கொடுத்து, அந்தக் கூலியால் அடிமைப் பெண்கள் தங்களையே மீட்டுக்கொண்ட வரலாறும் இங்கேதான் இருக்கிறது. இருநூறு வருடத்துக்கு முன்பே பெண்ணின் கைவேலைக்கு விலை உண்டு என்று கண்டுகொண்ட ஊரில், கிறிஸ்துமஸ் மதியம் ஆண்களும் பிள்ளைகளும் சாப்பிட்டு எழுந்த பிறகு, நாலு மணிக்கு, ஆறிப்போன பிரியாணியின் அடிச்சட்டியோடு பெண்கள் உட்காருகிறார்கள்.

இதில் மருமகள்களின் நிலைமை இன்னும் விசேஷம். சென்னையில் ஒரு அடுக்களையை விட்டு 700 கிலோமீட்டர் பயணம் செய்து இன்னொரு அடுக்களைக்கு வந்து சேருகிறார்கள். "உன் கை மணம் தனிதான்" என்று புகழும் மாமியாரும் நாற்பது வருடம் முன்பு இப்படி வந்து சேர்ந்தவர்தான்.

ஆகவே இந்த டிசம்பர் 31 ராத்திரி டைரியைத் திறக்கிறவர்கள் ஐந்து மணி நடையை விட்டு விட்டு வேறு சிலவற்றை எழுதலாம். சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவுவது. வந்து நிற்கும் பத்து நாளில் ஐந்து நாள் ராத்திரிச் சாப்பாடு ஆண்கள் பொறுப்பு. கஞ்சியும் பயறும் வைத்தால் போதும், யாரும் தீயலும் அவியலும் கேட்கவில்லை. பதினொரு ஐட்டம் நாலாக வேண்டும், முதல் பந்தியிலேயே அம்மாவும் உட்கார வேண்டும்.

இன்னும் ஒன்று. எல்லோரும் அம்மாவைப் பார்க்க வருகிறார்கள், அந்த அம்மாவுக்கும் ஒரு பிறந்த வீடு உண்டு. திருவட்டாரிலோ அருமனையிலோ, ஒரு மணி நேர பஸ் பயணத்தில் அவளுடைய அம்மாவோ அண்ணனோ இருப்பார்கள். சீசன் முழுக்க விருந்தாளிகளுக்கு நடுவில் அவள் அங்கே போனது எத்தனை நாள்? ஜனவரி 1ஆம் தேதி அடுக்களைச் சாவியை வாங்கிக்கொண்டு அவளை பஸ் ஏற்றி விடுங்கள். இரண்டு ராத்திரி தங்கி விட்டு வரட்டும். அதுவரை வீட்டிலிருக்கும் எட்டு பேரும் என்ன சாப்பிட்டார்கள் என்று அவள் போனில்கூடக் கேட்கக் கூடாது.