நெகமம் சேலையும் பெயரில்லாத டெக்ஸ்சரும்

கணினியில் ஓர் ஆளைச் செய்வது இன்று பெரிய வேலையே இல்லை. மேக்ஹ்யூமன் என்ற கட்டற்ற மென்பொருளைத் திறந்து வயது, உயரம், எடை என்று நாலு பட்டைகளை இப்படியும் அப்படியும் நகர்த்தினால் ஆள் தயார். என்ன உடுத்துவது என்பதில்தான் சிக்கல். மென்பொருளோடு வரும் உடுப்புகள் கோட்டு சூட்டு, விளையாட்டு உடை, தொப்பி என்ற வகையறா. பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகும் ஓர் அம்மாயியை உருவாக்க நினைக்கும் கோயமுத்தூர் மாணவர் என்ன செய்வார்? இணையத்தில் 'சேலை' என்று தேடி, கிடைத்த படத்தை எடுத்து ஒட்டுவார். அந்தச் சேலை எந்த ஊருடையது என்று அவருக்கும் தெரியாது, அதைப் பார்க்கிறவருக்கும் தெரியாது.

இத்தனைக்கும் சுற்றியிருப்பது நெசவு ஊர்கள். பவானி ஜமக்காளம் 2005-06லும், கோவை கோரா காட்டன் சேலை 2014லும், நெகமம் காட்டன் சேலை 2023லும் புவிசார் குறியீடு பெற்றவை. இவற்றை ஒழுங்காக ஸ்கேன் செய்து, ஊர் பெயரோடு எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதுதான் இங்கே சொல்ல வருவது. பெயரோடு என்பது முக்கியம்.

முதலில் சேமிக்கும் வேலை. டெக்ஸ்சர் என்பது உருவத்தின் மேல் போர்த்தும் ஒரு தட்டையான படம். சட்டைத் துணி என்றால் ஒரு சதுரத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டிச் சமாளிக்கலாம். சேலைக்கு அது நடக்காது. உடல் வேறு, கரை வேறு, முந்தி வேறு. ஒரே சதுரத்தை ஒட்டினால் சேலை சுவரொட்டிக் காகிதம் மாதிரி ஆகிவிடும்! மூன்றையும் தனித்தனிப் படமாக எடுக்க வேண்டும். வெயிலில் மடிப்போடு படம் பிடித்தால் அந்த நிழலும் துணியில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எந்த வெளிச்சத்தில் நிறுத்தினாலும் அது போகாது. ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும், மெல்லிய கரைக்கோடுகள் குழம்பும். பிஎன்ஜி நல்லது. பாவும் ஊடையும் வெவ்வேறு நிறமாக இருக்கும் மயில்கழுத்துச் சேலை, பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப நிறம் மாறும். அது ஒரே படத்தில் அடங்காது. இரண்டு நிறங்களையும் குறித்து வைக்க வேண்டும்.

அடுத்தது பகிர்வது. பிளெண்டரில் ஆடை செய்து அந்தக் கோப்பை மட்டும் நண்பருக்கு அனுப்பி, அங்கே திறந்தால் அம்மாயி பளீரென்ற ரோஜா நிறத்தில் நிற்கும் கூத்து பலருக்கும் தெரியும். படங்களைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து அனுப்பாததால் வரும் வினை அது. மேக்ஹ்யூமனிலும் ஆடையின் வடிவம், பொருள் விவரம், படம் என்று தனித்தனிக் கோப்புகள்தான். எல்லாம் ஒரே அடைவில் சேர்ந்து போக வேண்டும்.

காணாமல் போன படத்தையாவது அந்த ரோஜா நிறம் காட்டிக்கொடுத்துவிடும். காணாமல் போன ஊரை எது காட்டும்?

"டிஜிட்டலில் கொடுத்தால் விசைத்தறிக்காரர் காப்பி அடித்துவிடுவாரே?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான பயம்தான். 1866ல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இந்தியத் துணிகளை வெட்டி 700 மாதிரிகளை 18 தொகுதிகளாக ஒட்டினார். மொத்தம் 20 செட். அதில் 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. இந்தியர்கள் எதை விரும்பி உடுத்துகிறார்கள் என்று அங்கிருக்கும் ஆலைக்காரர்கள் பார்த்து நெய்து இங்கேயே விற்கட்டும் என்பதுதான் நோக்கம். ஊர், அளவு எல்லாம் குறித்தவர் நெய்தவர் பெயரைக் குறிக்கவில்லை. டெக்ஸ்சர் நூலகத்துக்கு இதைவிடப் பழைய உதாரணம் கிடைப்பது கஷ்டம். கெட்ட உதாரணமும்கூட.

ஆனால் இன்றைக்குக் காப்பி அடிக்க நினைப்பவருக்கு டெக்ஸ்சர் எதற்கு? கடையில் ஒரு சேலை வாங்கினால் போதும். நூல் நம்பர், இழை எண்ணிக்கை எல்லாம் துணியில் இருக்கிறது, படத்தில் இல்லை. சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கி 1985லேயே மத்திய அரசு சட்டம் போட்டும் போலிகள் நிற்கவில்லை. படத்தைப் பூட்டி வைத்தால் நின்றுவிடுமா?

சட்டமும் ஓரளவுக்குத்தான். புவிசார் குறியீடு காப்பது பெயரை. 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் புதிய வடிவங்களுக்குத்தான். அதுவும் 10 வருடம், புதுப்பித்தால் இன்னும் 5 வருடம். தலைமுறைகளாக நெய்யும் கரை அதில் வராது. ஆக, கையில் மிஞ்சுவது பெயர் ஒன்றுதான். அதையும் தொலைத்துவிட்டுப் பகிர்ந்தால் எப்படி?

எனவே உரிமம் தேர்ந்தெடுக்கும்போது யோசிக்க வேண்டும். சிசி0 போட்டால் யாரும் யார் பெயரும் சொல்லத் தேவையில்லை. சிசி-பை போட்டால் பெயர் சொல்லியே ஆக வேண்டும். பயன்படுத்துபவருக்கு இரண்டுமே இலவசம்தான். நெசவாளருக்கு இரண்டாவதில் ஊர் பெயராவது மிஞ்சும். கோப்புக்கு 'டெக்ஸ்சர்-1' என்று வைக்காமல் 'நெகமம்-கரை-அரக்கு' என்று வைப்பதற்குப் பத்து விநாடி போதும். விளக்கக் கட்டத்தில் ஊர், நூல், கைத்தறியா விசைத்தறியா என்று நாலு வரி எழுதலாம். நெய்தவரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் விரும்பினால் அவர் பெயரையும் சேர்க்கலாம். புதிதாக வரைந்த டிசைன், வேண்டாம் என்கிறாரா? விட்டுவிட வேண்டும்.

வணிகக் கணக்காகப் பார்த்தாலும் இதில் நஷ்டம் இல்லை. கோப்பைக் கொடுப்பதால் தறியில் ஒரு முழம் குறையாது. எங்கோ ஒரு நாட்டில் யாரோ செய்யும் விளையாட்டில் ஒரு பெண் நெகமம் சேலை கட்டி நடந்தால், அதன் பெயரைத் தேடுகிறவர் ஒருவராவது வருவார். வரும்போது அந்தப் பெயர் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

துணி படிக்கிற மாணவர்களும் அனிமேஷன் படிக்கிற மாணவர்களும் இதே கோவையில்தான் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஸ்கேனர், வீட்டு பீரோவிலிருந்து நாலு சேலை. யாராவது ஆரம்பிக்கலாமே?