மேஜை நம்முடையது, படம் யாருடையது?

விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலமிடும் பெண், எதிர் வீட்டுக் கோலத்தை அப்படியே எடுத்துப் போடுவதில்லை. புள்ளி எல்லாருக்கும் ஒன்றுதான். இழை அவரவர் கைவண்ணம். ஆனால் வீட்டுக்குள் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாலோ, அதன் முகப்பில் உள்ள சின்னஞ்சிறு படங்கள் வீட்டுக்கு வீடு ஒரே மாதிரி இருக்கின்றன. ‘ஐகான்’ என்று சொல்லப்படும் இந்தப் படங்களை நம் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம் என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதை வேலையற்ற பிள்ளைகளின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த எண்ணம் சரியல்ல.

அமெரிக்க ஆபீசின் சாயல்

இந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன? 1981-ல் ஜெராக்ஸ் கம்பெனி ‘ஸ்டார்’ என்ற யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆபீஸ் மேஜையில் இருக்கும் சாமான்களையே அதன் திரையில் படங்களாக வைத்தார்கள். 1984-ல் வந்த ஆப்பிள் ‘மேக்கின்டாஷ்’ அந்த முறையைப் பரவச் செய்தது. அதன் சின்னங்களை வரைந்தவர் சூசன் கேர் என்ற பெண்மணி. பக்கத்துக்கு 32 கட்டம், ஆக 1,024 கட்டங்கள். அவற்றைக் கறுப்பும் வெளுப்புமாக நிரப்பியே ஒவ்வொரு படத்தையும் உண்டாக்கினார். நம் பெண்கள் புள்ளி வைத்துக் கோலம் போடுவதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

தூரமெல்லாம் வரைந்த பொருள்களில்தான். ஓரத்தில் காது வைத்த அட்டை உறை அமெரிக்க ஆபீசில் சர்வ சாதாரணம். நம் தாலுகா ஆபீசில் நாம் கண்டதோ நாடா போட்டுக் கட்டிய கட்டுகள்! எழுதியதைச் சேமிக்கும் படமாக இன்றும் நிற்பது ‘பிளாப்பி’ தகடு. ஜப்பானில் அதன் விற்பனையை சோனி கம்பெனி 2011-ல் நிறுத்திவிட்டது. அதே 2011-ல்தான் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. பிளாப்பியைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகள் அதன் படத்தை அமுக்கிப் பாடங்களைச் சேமித்தார்கள்.

அந்த மடிக்கணினிகளின் முதல் தொகுதியில் ‘விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்’, ‘பாஸ் லினக்ஸ்’ என்று இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. முன்னது, திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற இடம் கொடுக்கவில்லை. சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் தயாரித்த பின்னதிலோ எதையும் மாற்றலாம். யந்திரம் நம்முடையது, அதன் முகம் மட்டும் வேறொருவருடையது என்றால் அது என்ன நியாயம்?

எழுத்தில்லாமல் பேசும் படம்

மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தில், முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனையைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. சுற்றிலும் எலிகள்! கீழே ஒரு விளக்கமும் எழுதவில்லை. சுமார் 1,300 ஆண்டுகளாக அந்தப் படம் தானே பேசிக்கொண்டிருக்கிறது.

1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலை எண்ணிப் பாருங்கள். அன்று இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கே எழுத்தறிவு. ஒவ்வொரு அபேட்சகருக்கும் தனிப் பெட்டி வைத்து, பெட்டியின் மேல் சின்னம் ஒட்டினார்கள். இரட்டைக் காளை போன்ற, ஜனங்கள் அன்றாடம் பழகிய உருவங்களே சின்னங்களாயின. பழகிய உருவம் என்றபடியால்தான் பாமரனும் தயங்காமல் வாக்களித்தான்.

கம்ப்யூட்டருக்கும் இதே நியாயம் பொருந்தும். செங்கல்பட்டுக் கடையில் கம்ப்யூட்டர் வாங்கி, 30 கிலோமீட்டர் தள்ளி மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர்கள், கல் வாங்கிய கணக்கு, முடிந்த சிலைகளின் போட்டோ எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரே மாதிரி மஞ்சள் உறை பத்து. ஒவ்வொன்றின் கீழும் இங்கிலீஷ் பெயர். எதைத் திறப்பதென்று பேரனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அதே உறைகளில் ஒன்றுக்கு உளியின் படம், ஒன்றுக்குக் கருங்கல், ஒன்றுக்குப் பிள்ளையார் என்று வைத்து, தமிழில் பெயரும் எழுதிவிட்டால்? அன்று முதல் யந்திரத்துக்கு அவர் எஜமானர்.

இதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். விண்டோஸில் அந்த உறையின் மேல் மவுஸின் வலப் பொத்தானை அமுக்கி, ‘பிராப்பர்ட்டீஸ்’, ‘கஸ்டமைஸ்’, ‘சேஞ்ச் ஐகான்’ என்று வரிசையாகப் போனால் போதும். படம் ‘ஐகோ’ என்ற வகையில் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் சரக்குக்கு ஒரு சேதமும் இல்லை. பிடிக்காவிட்டால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

லட்சணம் கெடலாகாது

ஆனால் எதற்கும் ஓர் அளவு உண்டு. திருமாலின் சிலைக்கு ஆடையும் ஆபரணமும் செதுக்குவதில் சிற்பி தன் கைவண்ணத்தைக் காட்டலாம். சங்கு சக்கரத்தை எடுத்துவிட்டால் அது யார் சிலை? மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியில் மாணவர்கள் பயில்வதும் இந்த அளவும் லட்சணமும்தான். குப்பைக் கூடைக்குப் பூக்கூடைப் படம் வைத்தால், யாராவது முக்கியமான காகிதத்தை அதில் போட்டுவிட்டுத் தவிப்பார்கள். இ-சேவை மையத்திலும் பள்ளிக்கூடத்திலும் பலர் உபயோகிக்கும் கம்ப்யூட்டரில் கை வைப்பதும் தகாது. பொது மேஜைக்குப் பொதுச் சின்னம். சொந்த மேஜைக்குச் சொந்தச் சின்னம். கம்ப்யூட்டர் கற்றுக் கொடுப்பவர்கள் முதல் பாடத்திலேயே இதையும் சொல்லிக் கொடுப்பது நல்லது.

ஸ்வீடனில், பார்க்கத்தக்க புராதன இடங்களைக் காட்ட, நான்கு மூலையிலும் சுழி போட்ட சதுரம் ஒன்றைப் பலகையில் வரைந்து வைப்பார்கள். பார்ப்பதற்கு நம் சிக்குக் கோலம் போலவே இருக்கும். அதை 1984-ல் மேக்கின்டாஷின் விசைப்பலகையில் சேர்த்தார்கள். இன்று உலகமெங்கும் அதை அமுக்குகிறார்கள். மாமல்லபுரம் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோவின் பட்டியலில் ஏறியதும் அதே 1984-ல்தான். எங்கோ ஒரு நாட்டின் வழிகாட்டிப் பலகையில் இருந்த சுழிக்கு அவ்வளவு பெருமை கிடைக்கலாம் என்றால், நம் உளிக்கும் கோலத்துக்கும் நம் வீட்டு மேஜையிலாவது ஓர் இடம் கொடுக்க வேண்டாமா?