திண்ணைக் கூட்டமும் சித்தாந்தக் கல்வியும்

சித்தாந்த சாத்திரம் மடத்திலே ஆசிரியன் முன்னிலையில் முறையே பாடங் கேட்டற்குரியதேயன்றி, தறி நெய்வாரும் கடை வைத்திருப்பாரும் உழுதுண்பாரும் திண்ணையிற் கூடி ஒருவரோடொருவர் பேசிக் கற்றற்குரியதன்று என்று கூறுவார் நம்மவருட் சிலர் உளர். அருப்புக்கோட்டை, திருச்சுழி முதலிய கரிசல் நிலத்து ஊர்களிலே, அந்திப்பொழுதிற் கூடிச் சிவஞான சித்தியாரையும் உண்மை விளக்கத்தையும் விரித்து வைத்து ஆராயும் சிறு கூட்டங்களை அவர் இகழ்ந்துரைப்பதைப் பன்முறை கேட்டுள்ளோம். யாமும் மடத்திற் பாடங் கேட்டுப் பின்னர்ப் பல்லாண்டு மாணாக்கர்க்குத் தமிழறிவுறுத்தினேமாதலின், இதன்கண் வாளாவிருத்தல் தகாதெனக் கருதிச் சில கூறப் புகுகின்றோம்.

அவர் காட்டும் காரணங்கள் மூன்று. ஆசிரியனின்றிப் பெற்ற அறிவு அறிவாகாது என்பது ஒன்று. அறியாதார் பலர் கூடிப் பேசின் அறியாமையே பெருகும் என்பது மற்றொன்று. தீக்கை பெறாதார் ஞான நூலைத் தொடலாகாது என்பது மூன்றாவது. இவற்றை முறையே ஆராய்வாம்.

முதற் காரணங் கூறுவார், மடங்களில் தொடக்கத்திலேயே ஓதுவிக்கும் நன்னூலின் பொதுப்பாயிரத்தை மறந்தனர் போலும். ஆசான் உரைத்ததைப் பிழையறக் கொண்டவழியும் மாணாக்கன் அடைவது புலமையிற் காற்கூறே. உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் என்பது பவணந்தியார் வகுத்த கணக்கு. முக்காற்கூறு ஆசிரியன் பாடஞ் சொல்லும் இடத்திற்குப் புறத்தே நிகழ்வதாயிற்று. அம்முக்காலையும் வம்பென ஒதுக்கிக் காற்கூற்றினையே கல்வியென்பது எவ்வாறு பொருந்தும்? நம் சாத்திரமும் கேட்டலோடு நில்லாது சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என மேலும் மூன்று படிகளைக் கூறிற்று. கேட்டதை ஒருவன் தனித்திருந்து சிந்திப்பின் தன் ஐயமே தனக்கு விடையாய்த் தோன்றுதல் உண்டு. அயலான் மறுத்துக் கேட்கும்பொழுதன்றோ தான் தெளிந்தது எது, தெளியாதது எது என்பது வெளிப்படும்?

இனி இரண்டாவது காரணம். வினாவுதலை இழிவெனக் கருதின், நம் பதினான்கு சாத்திரங்களுட் பலவற்றை ஒதுக்க நேரும். உண்மை விளக்கம் மாணாக்கர் வினாவ ஆசிரியர் விடுக்கும் விடையாக அமைந்தது. இருபா இருபஃது அருணந்தி சிவனார் தம் ஆசிரியராகிய மெய்கண்டாரை வினாவும் வினாக்களால் ஆயது. உமாபதி சிவனார் தம் நூலொன்றுக்கு இட்ட பெயரே வினா வெண்பா. சித்தியாரின் பரபக்கமோ, பிறர் கொள்கைகளைச் செவிசாய்த்துக் கேட்டு, அவற்றை அவர் கூறுமாறே நிறுத்திப் பின்னரே மறுப்பது. கேளாதான் மறுக்க மாட்டான் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுமோ?

சகலாகம பண்டிதராய், மெய்கண்டாரின் தந்தையார்க்குக் குலகுருவாய் விளங்கிய அருணந்தியார், ஆண்டில் மிக இளையராகிய மெய்கண்டாரை அணுகி ஆணவத்தின் இயல்பு யாது என வினவினார் என்றும், அவர் எதிரே நின்ற நிலையையே மெய்கண்டார் விடையாகக் காட்டினார் என்றும் வரலாறு கூறும். அவ்விடை பெறுதற்கு ஆண்டும் பட்டமும் குறுக்கே நிற்கவில்லை. உமாபதி சிவனாரும் தம் ஆசிரியரைத் தெருவிலே கண்டனர். அவ்வாசிரியர் நெசவுத் தெருவிற் பாவுக்கிடும் கஞ்சியை ஏற்றுண்ண, வழிந்ததனைத் தாம் பருகினர் என்பர். அவ்வாறிருக்க, நெசவுக்குப் பெயர்பெற்ற அருப்புக்கோட்டையிலே பாவோடும் தெருவிற் சித்தாந்தம் பேசப்படுதலை இழுக்கென்பார், தாம் போற்றும் குருபரம்பரையின் வரலாற்றையே அறிந்திலர் என்க.

அண்மைக் காலத்துச் சான்றொன்றும் இந்நாட்டினின்றே காட்டுவாம். சுந்தரமூர்த்தி சுவாமிகளாற் பாடப்பெற்ற திருச்சுழியில் 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் பிறந்தவர் இரமண முனிவர். அவர் திருவண்ணாமலை விரூபாட்சிக் குகையில் மௌனமாக இருந்த காலத்தில், 1902-ஆம் ஆண்டு, வருவாய்த் துறையில் அலுவல் பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை என்பார் அவரை அடைந்து தம் வினாக்களை ஒவ்வொன்றாகக் கேட்க, அவர் எழுதிக் காட்டிய விடைகளே 1923-இல் "நான் யார்?" என அச்சாயின. அம்முனிவரின் கொள்கைக்கும் நம் கொள்கைக்கும் உள்ள வேறுபாடு ஈண்டு ஆராய்ச்சியன்று. வகுப்புமின்றிப் பாடத்திட்டமுமின்றி, அலுவலர் ஒருவர் கேட்ட மெய்யான வினாவே ஒரு நூலுக்கு வித்தாயிற்று என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

மூன்றாவது காரணத்தை யாம் எளிதாகத் தள்ளேம். ஆன்மா செய்த தவத்தால் முதல்வனே குருவாய் எழுந்தருளி உணர்த்துவான் என்பது சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தின் துணிபு. அவ்வுணர்த்துதலைத் திண்ணைப் பேச்சு தரும் என்று யாம் கூறவில்லை. கூறுவார் உளராயின் அவரையும் மறுப்பேம். ஆயினும் பன்னிரண்டாஞ் சூத்திரம் அன்பரோடு கூடியிருத்தலை விதித்தது. அது சீவன்முத்தர்க்கே விதித்ததென்பரேல், அணைந்தார்க்கே அடியார் கூட்டம் வேண்டப்படின் அணையாதார்க்கு அது எத்துணை வேண்டப்படும் என்று கேட்பேம். தீக்கைக்கு வேட்கை வேண்டும்; வேட்கைக்கு நூலறிவு வேண்டும்; அவ்வறிவின் வாயிலை அடைத்துவிட்டுத் தீக்கை பெறவில்லையென்று ஒருவனைக் குறைகூறுதல் முறையாகுமோ?

நிற்க. இதற்கு மறுதலையாகிய பிழையும் ஒன்றுண்டு. நூலும் வேண்டா, நூலறிந்தாரும் வேண்டா, கூடிப் பேசினாற் போதும் என்பார் அப்பிழையுடையார். இரமணர் யாரிடம் பாடங் கேட்டார் என்று இவர் வினவுவர். பெரிய புராணத்தைப் படித்து அடியார் வரலாற்றில் நெஞ்சுருகிய பின்னரே அவர் மதுரையை விட்டு நீங்கினார் என்பதை இவர் நினைப்பதில்லை. நூலில்லாக் கூட்டத்தில் உரத்த குரலே பிரமாணமாகும். ஆதலின் கூடுவார்க்கு மூன்று கூறுவேம். நடுவே ஒரு நூல் விரிந்திருத்தல் வேண்டும். தெளியாதது வந்துழித் தெரியாது என்று சொல்லி, அவ்வையத்தைக் குறித்து வைத்து அறிந்தாரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். வினாவியவனை நகைத்தல் ஆகாது. வேலையின்பொருட்டு வெளியூர் சென்றவர் கைப்பேசி வாயிலாகக் கலந்து பேசுதற்கும் இம்மூன்றே விதி.

இறுதியாகப் புலவர்களை நோக்கி ஒரு சொல். சித்தாந்தத்தை உலகறியச் செய்தவருட் பலர் துறவியரல்லர். சிவஞானபோதத்தை 1895-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நல்லசாமிப் பிள்ளை நீதிமன்றத்து அலுவலில் இருந்தவர். மதுரையில் 1901-இல் தமிழ்ச் சங்கம் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அருப்புக்கோட்டைக்கு அணித்தாகிய பாலவநத்தத்து நிலக்கிழார். இன்றோ, கண்மாய் வறண்டும் குண்டாறு மணலாயும் கிடக்கும் இப்பகுதியிற் சாத்திரம் சொல்லும் புலவரைப் பெற்ற ஊர் மிக அரிது. இங்குள்ளார் மழை பெய்த நாளில் நீரைத் தேக்கி ஆண்டு முழுதும் வாழக் கற்றவர். ஒருகாற் கேட்ட பாடத்தையும் அவ்வாறே தம்முட் பேசிப் பேசிக் காத்து வருகின்றனர். அக்கரையை உடைப்பது எளிது. உடைத்தபின் நிரப்புவார் யார்? பிழைபடப் பேசுகின்றனர் என்று இகழும் புலவர், திங்களுக்கொருகால் அத்திண்ணையிற் சென்றமர்ந்து அப்பிழையைத் திருத்துவாராக. போகவும் மாட்டேம், பேசவும் விடேம் என்பாராயின், நாளை இந்நாட்டிற் சித்தாந்தம் வழங்காதொழிந்த பழி அவரையே சாரும். அன்பர்கள் நடுநிலையின் ஆராய்ந்து கொள்வாராக.