ஊட்டிக் குளிர் ஐஸ் பெட்டி ஆகாது

"ஊட்டியே குளிர்தான், சளி மாதிரிக்கு ஐஸ் பெட்டி எதற்கு?" என்கிறார்கள். குளிர் உண்மை, வாதம் ஓட்டை.

1. வைரஸ் மாதிரிக்கு வேண்டியது 2 முதல் 8 டிகிரி. அதுவும் 72 மணி நேரம் வரைதான். ஏப்ரல் மதியம் ஊட்டியே 20 டிகிரியைத் தாண்டும். இதுவா பிரிட்ஜ்?

2. ஜனவரி உறைபனியை நம்பலாமா? உறைந்து உருகும் மாதிரியில் வைரஸ் சிதையும்.

3. 2020இல் ஊட்டியின் கொரோனா மாதிரிகள் கோவைக்குப் போயின. மலையிறங்கும் வழியில் பர்லியாறு தாண்டினாலே வெக்கை. ஜீப்போடு குளிரும் இறங்கி வருமா?

4. கெட்ட மாதிரி 'நெகட்டிவ்' என்று பொய் சொல்லக்கூடும். அதை நம்பி நோயாளி எஸ்டேட் லைன் வீட்டுக்குத் திரும்பினால், அடுத்த சுவர்க்காரருக்கு யார் பொறுப்பு?

ஐஸ் பேக்கும் தெர்மாமீட்டரும் இல்லாத பெட்டி மலையிறங்கக் கூடாது.