கழுகைக் கொன்ற ஊசி

மாட்டின் வலிக்குப் போட்ட ஊசி கழுகைக் கொல்லுமா? கொன்றது. ஒன்றிரண்டை அல்ல, கோடிக்கணக்கில்!

பிணந்தின்னிக் கழுகு என்றாலே முகம் சுளிப்போர் உண்டு. ஆனால், சம்பளம் கேட்காத சுகாதாரச் சிப்பந்தி அது. ஊர்க்கோடியில் செத்த மாட்டைப் போட்டால், கூட்டமாய் இறங்கி, எலும்பை மட்டும் விட்டு எழும்பும். அழுகல் இறைச்சியின் கிருமிகளையும் அதன் வயிற்று அமிலம் அழித்துவிடும்.

1990-களில் பரத்பூர் சரணாலயத்தில் கழுகுகள் வேகமாகக் குறைந்து வருவதை விபு பிரகாஷ் என்ற பறவை ஆராய்ச்சியாளர் கவனித்தார். தொற்று நோயோ என்றுதான் பலரும் ஐயுற்றனர். 2004-ம் ஆண்டில் புதிர் அவிழ்ந்தது. பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையில் ஒரு குழு செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்தது. சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியது போல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. காரணம் டைக்ளோஃபெனாக். நாம் மூட்டுவலிக்குச் சாப்பிடுகிறோமே, அதே மருந்துதான்!

விலை மலிந்ததும் அது மாட்டு வைத்தியத்தில் புகுந்தது. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்தால், மருந்து அதன் உடலில் தங்கியிருக்கும். ஒரு மாட்டை ஒரு கழுகா தின்கிறது? பந்திக்கு வந்த கூட்டம் முழுவதற்கும் ஆபத்து. செத்த மாடுகளில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாக இந்த மருந்து இருந்தாலே கழுகினம் சரிந்துவிடும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். சரிந்தது. வெண்முதுகுக் கழுகுகள் 1992-ல் ஆயிரம் இருந்தன என்றால், 2007-ல் மிஞ்சியது ஒன்று.

பிணங்கள் கிடந்து நாறின. தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடியும் கூடியது. கழுகுகள் மறைந்ததால் 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக மாண்டிருக்கலாம் என்று 2024-ல் இரு பொருளாதார நிபுணர்கள் மதிப்பிட்டார்கள். மதிப்பீடுதான், பாதியென்று வைத்துக் கொண்டாலும் நெஞ்சு பதறுகிறது.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கை 2006-ல் தடை செய்தது. உடனே மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுத் தொழுவத்துக்குப் போயின! 2015-ல் ஊசிக் குப்பியை 3 மில்லியாகக் குறைத்தார்கள். மருந்துக் கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. உத்தரவு செல்லும் என்று 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் வேறு மருந்துகள் வந்துவிட்டன. அவற்றுள் அசெக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும். வேஷம் மாற்றி வந்த பழைய திருடன்! அதற்கும் கீட்டோபுரோஃபெனுக்கும் 2023-ல்தான் தடை வந்தது.

இங்கேதான் நமக்குக் குறை. மருந்து முதலில் விலைக்கு வருகிறது. கழுகு செத்த பிறகு சோதனை நடக்கிறது. தடை அதற்கும் பின்னால் நொண்டி நொண்டி வருகிறது. சோதனையை முன்னால் வைத்தால் என்ன? விவசாயியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மாட்டின் வலி அவருக்கு வயிற்றுப் பிழைப்பு. கழுகுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகாம் என்ற மருந்து இருப்பது 2006-லேயே தெரிந்துவிட்டது. அதைக் கால்நடை ஆஸ்பத்திரிதோறும் தட்டாமல் கொடுக்கலாமே!

தமிழ்நாட்டில் எஞ்சிய கழுகுகள் பெரும்பாலும் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வாழ்கின்றன. ஒரு ஜோடி வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அந்தக் குஞ்சு வளர்ந்து தானும் கூடு கட்ட ஏறத்தாழ ஐந்து வருஷம் ஆகும்.