இரத்தம் கேட்பவர்கள் பதிலும் சொல்லட்டும்

2018இல் களுகங்கை நீர்த்தேக்கத்தில் நீர் நிரப்பப்பட்டபோது, பழைய லக்கல-பல்லேகம நகரம் நீரில் மூழ்கியது. மொரகஹகந்த-களுகங்கைத் திட்டத்துக்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று, சிறுநீரக நோய் பரவியுள்ள வறண்ட பிரதேசத்துக்குச் சுத்தமான குடிநீர் வழங்குவது. அயலவரின் உயிருக்காக நிலத்தை விட்டுக்கொடுத்தவர்கள் நீங்கள்.

அந்த நோய் நமது மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவவிலும் உண்டு. 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்டும், அதன் காரணம் இன்னும் உறுதியாகவில்லை. கடின நீர், புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலில் உழைத்து உடல்நீர் வற்றுதல் எனப் பல கருத்துகள் உள்ளன. ஆகவே ஆய்வு தேவை. இரத்தமும் சிறுநீரும் கிணற்று நீரும் கேட்டு வருபவர்களை நாம் விரட்டக்கூடாது. ஆனால் என்ன நிபந்தனையில் கொடுக்கிறோம் என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும்.

இதில் பழங்குடி மக்களின் அனுபவம் நமக்குப் பாடமாகும். 1880களில் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த போல் சரசின், பிரிட்ஸ் சரசின் ஆகிய ஆய்வாளர்கள், நமது வேடர் மக்களின் மண்டையோடுகளையும் எலும்புகளையும் சேகரித்து பாசல் நகருக்குக் கொண்டுபோனார்கள். 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்காவாக்கப்பட்டபோது, அதே மக்கள் காட்டை இழந்து ஹெனானிகல போன்ற மகாவலிக் குடியேற்றங்களுக்குப் போக நேர்ந்தது.

அமெரிக்காவில் ஹவசுப்பாய் என்றொரு சிறு பழங்குடி இனம் உண்டு. நீரிழிவு அவர்களை வாட்டியது. 1990இலிருந்து அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களிடம் இரத்தம் பெற்றார்கள். நீரிழிவுக்காக என்று நம்பிக் கொடுத்த இரத்தம், மனநோய் பற்றியும் அவர்களின் பூர்வீகம் பற்றியுமான ஆய்வுகளுக்கும் பயன்பட்டது. மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2010இல் 41 பேருக்கு 7 இலட்சம் டொலர் இழப்பீடு கிடைத்தது. எஞ்சிய இரத்த மாதிரிகளும் திரும்பி வந்தன.

தென்னாபிரிக்காவின் சான் மக்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2017இல் ஆய்வாளர்களுக்கான ஒழுக்கக் கோவையொன்றைத் தாங்களே வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை என்பவற்றோடு, தமது அமைப்புகளின் அனுமதி பெறும் ஒழுங்கும் அதில் உண்டு.

இதையே நமது விவசாய சங்கமும் மரண உதவிச் சங்கமும் செய்யலாம். ஊசி ஏற்றுமுன் கூட்டம் கூட்டிக் கேளுங்கள்: எதற்காக இந்த ஆய்வு? யார் பணம் தருகிறார்கள்? மாதிரிகள் எங்கே போகும்? வேறு ஆய்வுக்குப் பயன்படுத்துவதானால் மீண்டும் எங்களிடம் கேட்பீர்களா? நோய் இருப்பதாகத் தெரிந்தால் சிகிச்சைக்கு வழி என்ன? முடிவுகளை எங்கள் மொழியில், எப்போது வந்து சொல்வீர்கள்? பதில்களை எழுத்தில் பெற்றுச் சங்கத்தின் கோவையில் வையுங்கள். விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ளலாம், அதற்காக எந்தச் சலுகையும் அவருக்குக் குறையக்கூடாது.

எரிக்கோவின் பாதையோரத்தில் இருந்த பார்வையற்றவரைக் குணமாக்குமுன், அவருக்கு என்ன வேண்டுமென்று ஆண்டவர் இயேசு கேட்டார். திருத்தந்தை பிரான்சிஸும் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' மடலில், பழங்குடி மக்களின் நிலத்தைத் தொடும் பெருந்திட்டங்களில் அவர்களே முதன்மையான உரையாடல் பங்காளிகளாக வேண்டும் என்கிறார். நிலத்தைக் கொடுத்தபோது நம்மில் பலரிடம் யாரும் இப்படி அமர்ந்து பேசவில்லை. உடலைப் பற்றிய காரியத்திலாவது அது நடக்கட்டும். அடுத்த மாதக் கூட்டத்திலேயே இக்கேள்விகளை வாசித்து, உங்கள் ஊருக்கு ஏற்றபடி திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.